தொடையைச் சுடும் எஞ்சின்: ஃபேரிங் பைக் ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முழு ஃபேரிங் (பைக்கின் முன்புறத்தையும் எஞ்சினின் பக்கங்களையும் மூடும் பலகை உறை) கொண்ட, நெடுந்தூரப் பயணத்துக்கான ஸ்போர்ட் டூரிங் பைக்குகளில் எஞ்சினின் அனல் முழங்காலையும் தொடையையும் பாதத்தையும் வாட்டுவது நெடுநாளைய குறை. எரியும் பெட்ரோலின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரைதான் பைக்கை ஓட்டப் பயன்படுகிறது. மீதியில் பெரும்பகுதி புகையோடும் ரேடியேட்டர் வழியாகவும் வெப்பமாக வெளியேறியே ஆக வேண்டும். அதை இல்லாமல் செய்துவிட முடியாது; அது போகும் வழியை மட்டுமே மாற்ற முடியும். இதை மறந்துவிட்டுச் செய்யும் மாற்றங்களில்தான் பெரும்பாலும் பணம் வீணாகிறது.

காலில் அனல் அடித்தவுடன் எஞ்சின் ஓவர்ஹீட் ஆகிறது என்று முடிவுகட்டுவது முதல் தவறு. நெரிசலில் கூலன்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) 100 டிகிரி செல்சியஸைத் தாண்டி ஃபேன் சுழலத் தொடங்குவது இயல்பானது. தண்ணீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்த கூலன்ட், அழுத்தம் தாங்கும் மூடிக்குள் இருக்கும்போது, 120 டிகிரியைத் தாண்டிய பிறகே கொதிக்கும். ஆகவே அந்த நேரத்தில் காலில் படும் சூடான காற்று, ரேடியேட்டர் தன் வேலையைச் செய்கிறது என்பதற்கே அடையாளம். இதைப் புரிந்துகொள்ளாமல், ரேடியேட்டருக்குக் கூலன்ட் போவதைக் கட்டுப்படுத்தும் வால்வான தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிபவர்கள் இருக்கிறார்கள். அது ஏறத்தாழ 80 டிகிரியிலேயே திறக்கத் தொடங்கி, நெரிசலில் நாம் தவிக்கும் நேரத்தில் முழுதாகத் திறந்தே இருப்பதால், அதைக் கழற்றுவதால் அனல் சிறிதும் குறையாது. எஞ்சின் சூடேற நேரமாவதும் அதுவரை பெட்ரோல் கூடுதலாகச் செலவாவதும்தான் மிச்சம்.

ஃபேரிங்கின் கீழ்ப்பகுதியைக் கழற்றிவிட்டால் காற்றோட்டம் கூடும் என்பது அடுத்த நம்பிக்கை. பார்த்தால் சரியென்றே தோன்றும். ஆனால் எதிர்க்காற்றை ரேடியேட்டருக்குள் செலுத்துவதும், அதைக் கடந்து வரும் சூடான காற்றைப் பக்கவாட்டுத் திறப்புகள் வழியாக ஓட்டுபவரை விட்டு விலக்கி அனுப்புவதும் அந்தப் பலகைகள்தான். அவை இல்லாதபோது, காலுக்கு வெளியே போக வேண்டிய காற்று நேராகக் காலின்மீதே பாயும். யமஹா எஃப்ஜேஆர்1300 மாடலை 2006-இல் புதுப்பித்தபோதுகூட, பக்கவாட்டுப் பலகையைச் சற்று வெளியே தள்ளி வைத்துக்கொள்ளும் வசதியைத்தான் கொடுத்தார்கள், பலகையை நீக்கிவிடவில்லை.

என் அனுபவத்தில் அதிகம் கவனிக்கப்படாத தவறு ஒன்று உண்டு. ஒரு சர்வீஸுக்குப் பிறகு, அதுவரை இல்லாத சூடு என் வலது தொடையின் உட்புறத்தில் மட்டும் அடிக்கத் தொடங்கியது. கூலன்டை மாற்றினேன், ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன், பயனில்லை. கடைசியில் டேங்கைத் தூக்கிப் பார்த்தபோது, எஞ்சினுக்கும் டேங்குக்கும் இடையே விரிந்திருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் விரிப்பின் வலது ஓரம், கொக்கியில் மாட்டப்படாமல் உள்பக்கமாக மடிந்து கிடந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்த இடைவெளி வழியாகத்தான் சூடான காற்று மேலே ஏறி, டேங்குக்கும் சீட்டுக்கும் நடுவே வெளியே வந்துகொண்டிருந்தது. இத்தகைய விரிப்புகளும் நுரைப்பட்டைகளும் தேவையற்றவை போலத் தோன்றுவதால் எளிதில் விடுபட்டுப்போகின்றன. டேங்கைக் கழற்றும் முன் ஒரு புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு, மாட்டிய பின் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

எந்த இடத்தில், எந்த வேகத்தில் சுடுகிறது என்று பார்க்காமல் மருந்து தேடுவதும் தவறுதான். ஓடும்போது குறைந்து, நிற்கும்போது கூடினால் அது ரேடியேட்டர் காற்றாக இருக்கும். பாதத்தருகே எப்போதும் சுட்டால், எக்ஸாஸ்ட் குழாயையோ, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரையோ சந்தேகிக்கலாம். அதற்குச் சற்று இடைவெளி விட்டுப் பொருத்தும் உலோகத் தடுப்பே போதும். குழாயைச் சுற்றித் துணிப்பட்டை கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அது ஈரத்தைத் தேக்கிக் குழாயைத் துருப்பிடிக்க வைக்கும், எண்ணெய் கசிந்து ஊறினால் தீப்பிடிக்கவும் கூடும். தொடாமல் அளக்கும் இன்ஃப்ராரெட் கருவியைப் பளபளக்கும் உலோகத்தின்மீது காட்டினால், உள்ளதைவிடக் குறைவாகவே காட்டும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ரேடியேட்டரில் ஒட்டிய பூச்சிகளை அழுத்தமான நீர்ப்பீய்ச்சலால் கழுவினால், மெல்லிய தகடுகள் மடங்கிக் காற்றின் வழியே அடைபடும். முந்தைய நாள் ஊறவைத்து, மென்மையான தூரிகையால் எடுப்பதே முறை.

விண்ட்ஸ்கிரீனை முழு உயரத்துக்கு ஏற்றி வைப்பது குளிருக்கு ஏற்றது. ஆனால் அதன் பின்னால் உருவாகும் குறைந்த அழுத்தம், எஞ்சின் பக்கமிருந்து வரும் வெப்பக்காற்றை மார்பை நோக்கி மேலே இழுக்கிறது. வெயில் நாட்களில் அதைக் கொஞ்சம் இறக்கினாலே மாற்றம் தெரியும்.

உடையைப் பொறுத்தவரை, சூடு தாங்காமல் அரைக்கால் சட்டைக்கு மாறுவது விழும் ஆபத்தைக் கூட்டுவதோடு சூட்டையும் கூட்டுகிறது. தடித்த பேன்ட்டும் உயரமான பூட்ஸும் அனலுக்கும் தோலுக்கும் இடையே தடுப்பாக நிற்பவை. சுற்றியுள்ள காற்றே 35 டிகிரியைத் தாண்டிவிட்டால், தோலைவிடக் காற்று சூடாகிவிடுவதால், ஜாக்கெட்டின் எல்லாத் திறப்புகளையும் விரியத் திறப்பது உதவாது. வியர்வை வேகமாக உலர்ந்துபோய், காற்று உடலைச் சூடேற்றத் தொடங்கிவிடும். உள்ளே நனைத்த பனியன் அணிந்து, திறப்புகளைச் சிறிதளவே திறந்து, அது உலர்வதற்குள் அடுத்த நிறுத்தத்தில் மீண்டும் நனைத்துக்கொண்டு ஓட்டினால் வெகுதூரம் தாக்குப்பிடிக்கலாம்.