சிமெண்ட் தளத்தின் மேல் புல்தரை அமைத்தல்

வீட்டின் பின்புறம் முழுவதும் காங்கிரீட் போட்டுவிட்ட பிறகு அங்கே புல் வேண்டுமென்று தோன்றினால், தளத்தை உடைத்தெடுப்பதே சிறந்த வழி. செலவோ இடிபாட்டை அப்புறப்படுத்தும் தொல்லையோ அதற்கு இடம் தராதபோது, தளத்தின் மேலேயே மண் பரப்பிப் புல் வளர்க்கலாம். ஆனால் மொட்டை மாடிக்கு இம்முறை ஆகாது. 15 செ.மீ. ஈரமண் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 250 கிலோ எடை இருக்கும். ஆட்கள் நடமாடும் சாதாரண மாடிக்கூரையோ சுமார் 150 கிலோவைக் கணக்கில் கொண்டே கட்டப்படுகிறது.

இத்தகைய புல்தரை பெரும்பாலும் வெயிலில் காய்ந்து சாவதில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேர் அழுகித்தான் சாகிறது. ஆகவே, மண் வாங்குவதற்கு முன்பே தண்ணீர் வெளியேறும் வழியைப் பார்க்க வேண்டும். தளத்தில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டி, அது எந்தப் பக்கம் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது என்று சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். தேங்கும் இடங்களில் நெருக்கமாகவும் மற்ற இடங்களில் ஓரடிக்கு ஒன்றாகவும், தளத்தின் அடிவரை ஊடுருவும்படி டிரில்லிங் மெஷினால் துளையிட்டு, துளைகளைச் சிறு ஜல்லியால் நிரப்ப வேண்டும். குழாய், மின்கம்பி, நிலத்தடித் தொட்டி ஆகியவை இருக்கும் இடங்களைத் தவிர்ப்பதோடு, செப்டிக் டேங்க் மூடியை ஒருபோதும் மண்ணால் மூடக் கூடாது.

அதன்பின் 5 செ.மீ. உயரத்துக்கு ஜல்லி பரப்பி, மண் உள்ளே இறங்காதபடி மேலே தண்ணீரை மட்டும் கசியவிடும் ஜியோ டெக்ஸ்டைல் துணியை விரிக்க வேண்டும். சிலர் அதற்குப் பதிலாகத் தார்ப்பாயை விரித்துவிடுகிறார்கள். அது தண்ணீரைத் தேக்கி, துளையிட்ட பாட்டையெல்லாம் வீணாக்கிவிடும். சுற்றிலும் செங்கல் வரம்பு கட்டும்போது அடியில் ஆங்காங்கே இடைவெளி விடுவதும், வீட்டுச் சுவருக்கும் மண்ணுக்கும் நடுவே ஓரடி அகலத்துக்கு வெறும் ஜல்லி மட்டும் இருக்கச் செய்வதும், சுவரில் ஈரம் ஏறாமல் காக்கும்.

செம்மண் இரண்டு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு என்ற கலவையை, தண்ணீர் தெளித்து அமர்ந்த பின்னும் 15 செ.மீ. இருக்கும்படி பரப்புங்கள். ஒரு பிடி எடுத்து அழுத்தினால் உருண்டையாகி, விரலால் தட்டியதும் உதிர்ந்தால் கலவை சரியாக இருக்கிறது என்று பொருள். செம்மண்ணோடு கோரைக் கிழங்கும் வந்து சேரும் என்பதால் சலித்தே போட வேண்டும்; பின்னால் அதைப் பிடுங்கி மாளாது.

நல்ல வெயில் விழும் இடத்துக்கு அருகம்புல்லே போதும். நிழலான இடத்தில் அது மெலிந்துவிடும் என்பதால் அங்கே பஃபலோ புல்லை நடலாம். வேர்த்துண்டுகளை 10 செ.மீ. இடைவெளியில் ஊன்றி, ஆடி, ஆவணிக்குள் நட்டுவிட்டால் பெருமழைக்கு முன் வேர் பிடித்துவிடும். ஆழம் குறைந்த மண் விரைவில் காய்வதால் கோடையில் நாள்தோறும் அதிகாலையில் தண்ணீர் விட வேண்டும். வெட்டும்போது உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைக்காதீர்கள். முதல் மழைக்காலம் முடிந்ததும் சில இடங்களில் மண் அமிழ்ந்திருக்கும். அங்கே சலித்த கலவையைப் புல்லின் நுனி மூழ்காத அளவுக்குத் தூவி நிரவிவிடலாம்.