ஜேக்கபைட் கிளர்ச்சிகள்: கல்லிலும் செதுக்கிவிட்ட தவறுகள்

ஸ்காட்லாந்தின் இன்வர்னஸ் நகருக்குக் கிழக்கே, கல்லோடன் போர்க்களத்தில் ஒரு கல் நிற்கிறது. 'ஆங்கிலேயரின் களம், அவர்கள் இங்கே புதைக்கப்பட்டனர்' என்பது அதிலுள்ள வாசகம். 1746-இல் நடந்த போருக்கு 1881-இல் நட்ட கல். ஜேக்கபைட் கிளர்ச்சிகளைப் பற்றிப் பேசுபவர்கள் செய்யும் முதல் தவறு, அந்தக் கல்லை நம்பிவிடுவது. இங்கிலாந்துக்கு எதிரான ஸ்காட்லாந்தின் விடுதலைப் போர் என்று வைத்துக்கொண்டால் இதில் எதுவுமே பிடிபடாது. 1688-இல் அரியணை இழந்த ஸ்டூவர்ட் மன்னர் ஜேம்ஸையோ அவர் வாரிசுகளையோ மீண்டும் அமர்த்துவதுதான் ஜேக்கபைட்டுகள் எனப்பட்ட கிளர்ச்சியாளர்களின் நோக்கம். சண்டை வாரிசுரிமைக்காக நடந்தது.

கல்லோடனில் அரசுப் படையை நடத்தியவர் இரண்டாம் ஜார்ஜ் மன்னரின் மகன் கம்பர்லாந்து டியூக். அவர் படையில் ஸ்காட்லாந்து ரெஜிமென்டுகளும் கேம்பெல் குலத்தவர் நிறைந்த ஆர்கைல் படையும் இருந்தன. எதிரே, ஜேம்ஸின் பேரன் சார்லஸ் இளவரசரின் பக்கம், பிரெஞ்சு மன்னரிடம் சம்பளம் வாங்கும் ஐரிஷ் வீரர்களும் நின்றார்கள். கல்லோடன் மாளிகையின் சொந்தக்காரர் டங்கன் ஃபோர்ப்ஸ் அரசின் ஆள். கிளர்ச்சியில் சேர வேண்டாம் என்று குலத்தலைவர்களிடம் மன்றாடியவர். மக்கின்டோஷ் குலத்தலைவர் ஏங்கஸ் அரசுப் படையில் கேப்டன். அவர் மனைவி ஆன், அதே குலத்தாரை இளவரசருக்காகத் திரட்டினார். கிளர்ச்சியாளர்களிடம் ஏங்கஸ் சிறைப்பட்டபோது மனைவியின் காவலிலேயே அவரை ஒப்படைத்தார்கள். இதை எந்த இரு நாட்டுப் போர்க் கணக்கில் எழுதுவது?

சார்லஸ் தொடங்கி கல்லோடனில் முடிந்த 1745 கிளர்ச்சியை மட்டும் படித்துவிட்டுப் பேசுவது இன்னொரு தவறு. 1689-இலேயே கில்லிகிராங்கியில் ஜேக்கபைட்டுகள் வென்றார்கள்; ஆனால் அந்த வெற்றியிலேயே தங்கள் தளபதி டண்டி பிரபுவை இழந்தார்கள். 1715-இல் பிரேமாரில் கொடியேற்றியவர் மார் பிரபு. 1707-இல் இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் இணைக்க உழைத்த அதே மனிதர்! புதிய மன்னர் முதலாம் ஜார்ஜ் பதவியைப் பறித்ததும் பழைய அரச குடும்பத்தின் மீது அவருக்குப் பாசம் பொங்கியது. ஷெரிஃப்மூரில் எதிரியைவிடப் பெரிய படையை வைத்துக்கொண்டும் அவரால் வெல்ல முடியவில்லை. எல்லாம் கைநழுவிய பிறகு டிசம்பரில் வந்திறங்கிய ஜேம்ஸின் மகன், பிப்ரவரியில் கப்பலேறிவிட்டார். 1719-இல் ஸ்பெயின் அனுப்பிய பெரிய கப்பற்படையைப் புயல் சிதறடிக்க, வந்து சேர்ந்த சுமார் 300 ஸ்பானிய வீரர்கள் கிளென் ஷீலில் தோற்றுச் சரணடைந்தார்கள்.

ஜேம்ஸ் கத்தோலிக்கர் என்பதால் அவர் ஆதரவாளர்களையும் கத்தோலிக்கர்களாக எண்ணிவிடுகிறோம். ஸ்காட்லாந்தில் அவர்களில் பெரும்பாலோர், பிஷப்புகள் நடத்தும் எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்த புராட்டஸ்டண்டுகள். 1690-இல், பிஷப்புகளை ஏற்காத பிரஸ்பிட்டேரியன் சபைக்கு அரசு அங்கீகாரம் கிடைத்தபோது தங்கள் இடத்தை இழந்தவர்கள்.

கல்லோடனில் வாளேந்திய ஸ்காட்லாந்து மலைநாட்டினர் துப்பாக்கிகளை நோக்கி ஓடிச் செத்தார்கள் என்ற சித்திரம் ஓவியங்களுக்கு நன்றாக இருக்கும். போர் முடிந்து களத்தில் பொறுக்கியவற்றின் அரசுக் கணக்கில் 2,320 துப்பாக்கிகளும் 190 வாள்களும் இருக்கின்றன. ஜேக்கபைட்டுகளிடம் பீரங்கிகளும் இருந்தன. தோல்விக்குக் காரணம் தேடுபவர்கள் சதுப்பு நிலத்தையும், முந்தைய இரவு வீணாக நடந்த நடையையும், பட்டினியையும் பார்க்க வேண்டும்.

அதேபோல, தொடக்கத்திலேயே தோற்றுப்போன முயற்சி என்று 1745-ஐ ஒதுக்கிவிடவும் கூடாது. ரோமில் பிறந்து, அதுவரை ஸ்காட்லாந்தையே பார்த்திராத சார்லஸ், ஜூலையில் எரிஸ்கே தீவில் இறங்கி, செப்டம்பரில் எடின்பரோவைப் பிடித்து, டிசம்பர் 4-இல் இங்கிலாந்துக்குள் டெர்பி வரை வந்துவிட்டார். ஆங்கிலேய ஆதரவாளர்கள் திரளவில்லை, பிரெஞ்சுப் படையும் வரவில்லை என்று சொல்லி, அவருடைய தளபதி ஜார்ஜ் மரே பிரபு முதலானோர் திரும்பிப் போக முடிவு செய்தார்கள். அது சரியா என்று இன்றும் வாதிடுகிறார்கள். என் கட்சி மரேயின் கட்சிதான்.

தேதிகளிலும் கவனம் தேவை. 1752 வரை பிரிட்டன் பழைய நாட்காட்டியைப் பின்பற்றியது. அதன்படி கல்லோடன் போர் ஏப்ரல் 16. பிரான்ஸின் கணக்கில் ஏப்ரல் 27. இரண்டையும் கலந்து எழுதினால் நிகழ்வுகள் முன்பின்னாகிவிடும்.

கடைசியாக, கல்லோடனுக்குப் பின் மலைநாட்டினர் அரசின் நிரந்தரப் பகைவர்களாகவே இருந்துவிட்டார்கள் என்ற எண்ணம். அடக்குமுறை கொடூரமானதுதான்; 1746-இல் மலைநாட்டு உடைக்கே தடை போட்டார்கள். அந்தத் தடையில் ராணுவ வீரர்களுக்கு மட்டும் விலக்கு இருந்தது. மக்லவுட் பிரபு எனப்பட்ட ஜான் மெக்கன்ஸி, தந்தையுடன் கிளர்ச்சியில் சேர்ந்து, கல்லோடனுக்கு முதல் நாள் பிடிபட்டவர். மன்னிப்புப் பெற்று, ஸ்வீடன் படையில் பணியாற்றித் திரும்பியவர், 1777-இல் பிரிட்டிஷ் அரசுக்காக ஒரு மலைநாட்டு ரெஜிமென்டைத் திரட்டினார். 1780-இல் அது சென்னையில் வந்திறங்கியது. அதில் ஒரு பகுதி அதே ஆண்டு காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் மைசூர்ப் படையிடம் அழிந்தது; மற்றவர்கள் அடுத்த ஆண்டு பரங்கிப்பேட்டையில் ஹைதர் அலியை எதிர்த்துப் போரிட்டார்கள். 1784-இல் மெக்கன்ஸிக்குப் பறிமுதலான குடும்ப நிலங்கள் திரும்பக் கிடைத்தன.