வறண்ட கரைக்கு வரும் சூறாவளி: பின்தொடர்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அரபிக்கடலில் ஒரு தாழமுக்கம் எழும்பினால் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயங்களில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், தூக்கம் கெடும். இலங்கையில் ஹப்புத்தளை மலையில் இருக்கிறவர்களுக்கும் ஓமான் கரைக்கும் என்ன சம்பந்தம் என்று வெளியூர்க்காரர் கேட்கலாம். இங்கே லயத்துக்கு ஒரு வீட்டிலாவது ஒருத்தி மஸ்கட்டிலோ சலாலாவிலோ வேலைக்குப் போயிருக்கிறாள். அதுதான் சம்பந்தம்.

2007இலிருந்து நான் சூறாவளிகளைச் செய்மதிப் படங்களில் பார்த்து வருகிறேன். இப்போது தோட்டத்துப் பிள்ளைகள் நாலைந்து பேர் ஃபோனோடு வந்து பக்கத்தில் உட்காருகிறார்கள். நல்ல ஆர்வம். ஆனால் நான் அன்று செய்த அதே தவறுகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். பழைய வீடியோவைப் புதுசென்று நம்புவது மாதிரியானதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. கொஞ்சம் விஷயம் தெரிந்தவர்களும் விழுகிற குழிகளைத்தான் சொல்கிறேன்.

இரவில் முகிலைத் துரத்துவது

வலுவான சூறாவளிக்குக் கண் இருக்கும், நடுவில் முகிலில்லாத வட்டம். சின்னப் பிள்ளையும் விரல் வைத்துக் காட்டிவிடும். வலு குறையும்போதுதான் சிக்கல். மேலே ஒரு திசையிலும் கீழே வேறு திசையிலும் காற்று இழுத்தால், உயரமான முகில் கூட்டம் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டுப் போகும். சுழற்சியின் மையம் மூடாக்கு இல்லாமல் தனியே நிற்கும். அதைச் சுற்றி இருப்பதெல்லாம் தாழ்ந்த முகில். அகச்சிவப்புப் படம் வெப்பத்தை வைத்துத்தான் எதையும் காட்டும். தாழ்ந்த முகிலுக்கும் கடலுக்கும் வெப்பத்தில் பெரிய வித்தியாசம் இல்லாததால் இரண்டும் ஒரே சாம்பல் நிறத்தில் கிடக்கும்.

ராத்திரி பதினொரு மணிக்கு வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டு, "மாமா, வடக்கே திரும்பிருச்சு" என்பார்கள். விடிந்து வெளிச்சப் படம் வந்தால், நூல் சுற்றினாற்போல ஒரு சின்னச் சுழல் அதற்கு வெகுதூரம் மேற்கே, நேரே கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருக்கும். இரவில் நுண்ணலைப் படம் கிடைத்தால் அதைப் பாருங்கள், அது உயர்ந்த முகிலுக்கு அடியில் இருப்பதையும் காட்டிக்கொடுக்கும். கிடைக்காவிட்டால், இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிவிப்பில் மையம் எங்கே இருக்கிறது என்று போட்டிருக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். நீங்களாக ஊகித்து யாருக்கும் ஃபோன் எடுக்காதீர்கள்.

"வலுவிழந்தது" என்பதைப் "போய்விட்டது" என்று படிப்பது

இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

2007 ஜூனில் கோனு வந்தது. அரபிக்கடலில் அதுவரை பதிவானவற்றிலேயே மிக வலுவான சூறாவளி. ஜூன் 4ஆம் தேதி அதன் காற்று மணிக்கு 230 கிலோமீற்றரைத் தாண்டியிருந்தது. அப்போது வீட்டில் இணையம் கிடையாது. டவுனில் ஒரு கொமியூனிகேஷன் கடையில் காசு கட்டி உட்கார்ந்து பார்த்தேன். என் அக்கா மஸ்கட்டில் ஒரு வீட்டில் வேலை செய்துகொண்டிருந்தாள். 5ஆம் தேதி பின்னேரம் பார்த்தபோது பாலைவனத்துக் காய்ந்த காற்று உள்ளே புகுந்து வட்டத்தின் ஒரு பக்கத்தை அரித்திருந்தது. காற்றின் வேகம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அந்தக் கடையிலிருந்தே அக்காவுக்குப் பேசினேன். "பயப்படாத அக்கா, புயல் செத்துப்போச்சு, நிம்மதியாத் தூங்கு" என்றேன்.

அவள் தூங்கினாள். அவளுடைய அறை கீழ்த்தளத்தில், ஒரு வாதியின் ஓரமாக இருந்தது. வாதி என்றால் ஆண்டு முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை. அதற்குள்ளேயே ரோடு போகும், கார் நிறுத்துவார்கள். 6ஆம் தேதி மலையில் பெய்ததெல்லாம் அந்த வழியாகத்தான் இறங்கிவந்தது. மொட்டைமாடிக்கு ஏறித் தப்பினாள். மூன்று வருடச் சம்பளத்தில் சேர்த்த நகையும் பணமும் கடவுச்சீட்டும் பெட்டியோடு போயின. ஓடும்போது கையில் அகப்பட்டது ஒரு சின்ன ஃபோட்டோ அல்பம் மட்டும்தான். இன்றைக்கும் அதைத் திறந்தால் ஒட்டிக்கொண்ட பிளாஸ்டிக் தாள் சரசரவென்று உரியும். நடுத்தையலிலிருந்து மஞ்சளாகக் கொஞ்சம் மண் மடியில் உதிரும்.

ஓமானில் சுமார் 50 பேர் இறந்தார்கள். அதிகம் பெய்த இடத்தில் 610 மில்லிமீற்றர் மழை. மஸ்கட்டில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வதே 100 மில்லிமீற்றர் அளவுதான். இத்தனைக்கும் சூறாவளியின் மையம் மஸ்கட்டைத் தொடவே இல்லை. கடலோடு போய் ஈரான் பக்கம் கரையேறியது.

காற்று வேறு, மழை வேறு. மையத்தில் அமுக்கம் எவ்வளவு ஆழமாக இறங்கியிருக்கிறது என்பதைப் பொறுத்தது காற்று. மழையோ, அந்தச் சுழற்சி கடலிலிருந்து அள்ளிவந்த ஈரத்தையும் அதை மேலே தூக்க என்ன இருக்கிறது என்பதையும் பொறுத்தது. மஸ்கட்டுக்குப் பின்னால் அல் ஹஜர் மலைத்தொடர் நிற்கிறது, உச்சி 3000 மீற்றர் அளவில். இலங்கையின் மிக உயர்ந்த மலையான நம்முடைய பிதுருதலாகலையே 2524 மீற்றர்தான். ஈரக்காற்று மலையில் மோதி ஏறினால் என்ன நடக்கும் என்று இந்த மலைநாட்டுக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அது தெரிந்திருந்தும் நான் அன்று காற்றின் எண்ணை மட்டும் பார்த்தேன். அங்கே இன்னொன்றும் சேர்கிறது. வெயிலில் இறுகிய நிலம் தண்ணீரைக் குடிக்காது, பிடித்துவைக்க மரமும் இல்லை. பெய்தது அப்படியே ஓடிவரும்.

2023 ஆகஸ்டில் ஹிலாரி என்ற சூறாவளி மெக்ஸிகோக் கரைக்கு வருமுன்பே, காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் நான்காம் வகையிலிருந்து இறங்கி, சாதாரண வெப்பமண்டலப் புயலாகிவிட்டது. அப்படி இருந்தும் ஆகஸ்ட் 20ஆம் தேதி கலிபோர்னியாவின் மரணப் பள்ளத்தாக்கில் ஒரே நாளில் சுமார் 56 மில்லிமீற்றர் பெய்தது, ஏறக்குறைய ஒரு வருட மழை. நம் வீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2025 நவம்பரில் வந்த டித்வா காற்றளவில் ஒரு சாதாரண சூறாவளி, அதற்கு மேல் அது வலுக்கவே இல்லை. பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. நாட்டில் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு பையன் என் முன்னால் உட்கார்ந்து "வலுவிழந்துருச்சாம் மாமா" என்று சிரித்தபடி சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது. அடக்க முடிவதில்லை.

காற்றின் எண் இறங்கினால் அடுத்து நகரும் வேகத்தைப் பாருங்கள். 2020 டிசம்பரில் புரெவி திருகோணமலைக்கு வடக்கே கரையேறி, மன்னார் வளைகுடாவுக்குப் போய், வலு குறைந்து அங்கேயே ஒரு நாளுக்கு மேல் அசையாமல் நின்றது. அந்த நிலையில்தான் சிதம்பரம், கடலூர்ப் பக்கம் வெள்ளக்காடானது.

குளிர்ந்த கடலும் காய்ந்த காற்றும் எப்படியும் கொன்றுவிடும் என்று நம்புவது

கடல் 26 பாகைக்குக் கீழே குளிர்ந்தால் சூறாவளிக்குத் தீனி குறையும், காய்ந்த காற்று அதன் முகிலைக் கரைக்கும். சரிதான். 2015இல் சப்பாலா அப்படித்தான் வலுவிழந்து யேமனுக்குள் போனது. ஆனால் 2018 மே 25ஆம் தேதி மெகுனு சலாலா அருகே கரையேறும்வரை வலுத்துக்கொண்டே வந்தது. வருட மழையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் ஒரே நாளில் அங்கே கொட்டியது. இரண்டும் ஒரே அரபிக்கடல்தான். ஒவ்வொன்றையும் கரை சேரும்வரை பார்த்தே ஆகவேண்டும்.

கூம்பு

முன்னறிவிப்பு வரைபடத்தில் போகப்போக அகலமாகிற கூம்பு வரைந்திருப்பார்கள். மையம் எங்கே போகலாம் என்பதை மட்டுமே அது காட்டுகிறது. மழை கூம்புக்கு வெளியேயும் பெய்யும்.

நேரம்

படத்தின் மூலையில் இருப்பது கிரீனிச் நேரம். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட்டுங்கள், ஓமானுக்கு நாலு.

நொட்

அறிவிப்புகளில் காற்றின் வேகத்தை நொட் கணக்கிலும் போடுவார்கள், அதைக் கிலோமீற்றர் என்று படித்துவிடாதீர்கள். 1 நொட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீற்றர்.

தெரிந்ததையெல்லாம் ஃபோனில் கொட்டுவது

அங்கே இருப்பவள் வானிலை கேட்கவில்லை, என்ன செய்யட்டும் என்று கேட்கிறாள். அக்காவிடம் நான் கேட்டிருக்க வேண்டியதை இப்போது இந்தப் பிள்ளைகளைக் கேட்கச் சொல்கிறேன். வீடு மேட்டிலா, வாதி பக்கமா? படுப்பது கீழேயா, மேலேயா? மாடிக்குப் போகும் கதவின் சாவி யாரிடம்? கடவுச்சீட்டும் பணமும் பொலித்தீன் பையில் போட்டு உடம்போடு இருக்கிறதா? நாலுக்கும் பதில் வந்த பிறகுதான் படத்தைத் திறக்க விடுகிறேன்.