வோர்டெக் ஹெட்டுக்கு வால்வு ஸ்பிரிங் தேர்ந்தெடுப்பது எப்படி?

புதிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறக்கும் தண்டு, சுருக்கமாகக் கேம்) வாங்குகிறவர்கள் அதன் லிஃப்ட் (வால்வு திறக்கும் உயரம்) என்ன, டியூரேஷன் (வால்வு திறந்திருக்கும் நேரம்) என்ன என்று வாரக்கணக்கில் அலசுகிறார்கள். ஸ்பிரிங் என்று வந்தால் மட்டும், பெட்டியின் மேல் "0.550 வரை" என்று அச்சிட்டிருந்தாலே திருப்தி அடைந்துவிடுகிறார்கள். அந்த 0.550 அங்குல லிஃப்ட் ஸ்பிரிங்கைப் பற்றிய தகவல். உங்கள் சிலிண்டர் ஹெட்டில் அவ்வளவு இடம் இருக்கிறதா என்பதைப் பெட்டி சொல்லாது. அளந்துதான் பார்க்க வேண்டும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 1996 முதல் 2000 வரை செவ்ரொலே பிக்கப்களில் வந்த 5.7 லிட்டர் வோர்டெக் வி8. வார்ப்பு எண் 906 அல்லது 062 என்று முடியும் இரும்பு ஹெட்கள். ஹைட்ராலிக் ரோலர் லிஃப்டர்கள் (கேமின் மேல் உருளையால் ஓடி, உள்ளே எண்ணெயால் இடைவெளியைத் தானே சரிசெய்பவை) தொழிற்சாலையிலேயே போட்டு வருபவை. கேம், ஜெனரல் மோட்டார்ஸின் எல்டி4 ஹாட் கேம்: 1.5 விகித ராக்கர் (லிஃப்டரின் அசைவைப் பெருக்கி வால்வை அழுத்தும் நெம்புகோல்) போட்டால் வால்வு லிஃப்ட் 0.492 அங்குலம், 1.6 போட்டால் 0.525. ஹெட்டைக் கழற்றவும் வால்வைப் பிரிக்கவும் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன். அளவுகளை அங்குலத்திலும் பவுண்டிலுமே வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பாகங்களின் அட்டவணைகள் எல்லாம் அப்படித்தான் இருக்கின்றன. நடுவில் மில்லிமீட்டருக்குப் போனால் தசமப் புள்ளி எங்கேயாவது வழுக்கும்.

1. எவ்வளவு விசை தேவை?

இரண்டு எண்கள் வேண்டும். வால்வு மூடியிருக்கும்போது ஸ்பிரிங் தரும் விசை ஒன்று, முழுதாகத் திறந்திருக்கும்போது தருவது மற்றொன்று. தட்டையான அடி கொண்ட பழைய ஹைட்ராலிக் லிஃப்டருக்கு மூடிய நிலையில் 100, 110 பவுண்டு போதும். ரோலர் லிஃப்டர் அதைவிடக் கனமானது. அதன் கேம் வால்வைத் திறக்கும் வேகமும் அதிகம். அதனால் இந்த மாதிரி தெருவில் ஓட்டும் எஞ்சினுக்கு மூடிய நிலையில் 120 முதல் 140, திறந்த நிலையில் 300 முதல் 350 பவுண்டு என்ற வரம்புக்குள் தேடுவேன். கேம் தயாரிப்பாளர் கேமோடு தரும் கார்டில் வேறு எண் கொடுத்திருந்தால் அவர் சொல்வதே சரி.

விசை குறைந்தால், சுற்று வேகம் ஏறும்போது வால்வு கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும். அந்த நொடியில் உண்டாகும் இடைவெளியை ஹைட்ராலிக் லிஃப்டர் எண்ணெயால் நிரப்பிவிடும். பிறகு வால்வு முழுதாக மூடாது. எஞ்சின் திடீரென்று மூச்சு முட்டியதுபோல் சக்தி இழக்கும். சரி, 450 பவுண்டு ஸ்பிரிங் போட்டால் பிரச்சினை தீர்ந்ததா? தீராது. லிஃப்டருக்குள் இருக்கும் பிளஞ்சர் அந்தச் சுமையில் எண்ணெயைக் கசியவிட்டு அமுங்கும். காசு கொடுத்து வாங்கிய லிஃப்டில் ஒரு பகுதி அங்கேயே போய்விடும். உருளையின் ஊசி பேரிங்குகளும் சீக்கிரம் தேயும். "கடினமானதே நல்லது" என்ற பேச்சு பந்தயத்துக்கான சாலிட் ரோலர் (எண்ணெய்ப் பிளஞ்சர் இல்லாத லிஃப்டர்) போடுபவர்களிடமிருந்து வந்தது. நமக்கு அது பொருந்தாது.

2. ரீடெய்னர் சீலில் இடிக்குமா?

வோர்டெக் ஹெட்டில் வேலை நின்றுபோவது இங்கேதான். தொழிற்சாலைக் கேமின் லிஃப்ட் ஏறத்தாழ 0.414, 0.428 மட்டுமே. அதற்கு ஏற்றபடி வால்வு கைடை (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்) உயரமாக விட்டிருக்கிறார்கள். லிஃப்டைக் கூட்டினால் ரீடெய்னரின் (ஸ்பிரிங்கை மேலே பிடித்திருக்கும் வட்டு) அடிப்பகுதி கீழே வந்து கைடின் தலையில் இருக்கும் எண்ணெய் சீலை இடிக்கும். சீல் நசுங்கும், எண்ணெய் உள்ளே இறங்கும், உடைந்த துண்டுகள் எங்கே போகும் என்று சொல்ல முடியாது. எந்த ஸ்பிரிங் வாங்கினாலும் இது மாறாது.

அளக்கும் முறை: வால்வைப் போடுங்கள். புதிய சீலை அதன் இடத்தில் அழுத்தி உட்காரவையுங்கள். சீல் இல்லாமல் அளந்தால் அந்த அளவு எதற்கும் உதவாது. ஸ்பிரிங் இல்லாமல், நீங்கள் உண்மையில் பயன்படுத்தப் போகும் ரீடெய்னரையும் லாக்குகளையும் (ரீடெய்னரை வால்வுத் தண்டோடு பூட்டும் துண்டுகள்) மாட்டுங்கள். வால்வை மூடிய நிலையில் பிடித்துக்கொண்டு, தண்டின் நுனியில் டயல் இண்டிகேட்டரை வைத்துச் சுழியமாக்குங்கள். ரீடெய்னர் சீலைத் தொடும்வரை வால்வை மெல்ல இறக்குங்கள். வந்த எண்ணிலிருந்து 0.060 கழியுங்கள். மீதிதான் அந்த வால்வு தாங்கும் லிஃப்ட்.

மாற்றம் எதுவும் செய்யாத ஹெட்டில் எனக்கு 0.520 அளவில் வந்தது. கழித்தால் 0.460. ஹாட் கேம் கேட்பதோ 1.5 ராக்கரிலேயே 0.492.

இதற்கு வழிகள் உண்டு. ரீடெய்னரைச் சற்று உயரத்தில் பிடிக்கும் லாக்குகள் கிடைக்கின்றன, 0.050 அங்குலம் கூடுதலாகத் தரும். அடிப்பகுதி குழிந்த ரீடெய்னர்களும் உண்டு. எனக்குப் பிடித்தது கைடின் தலையையே குறைப்பதுதான். அதற்கென்று விற்கும் வெட்டும் கருவியின் வழிகாட்டித் தண்டு கைடுக்குள் இறங்கி நேராகப் பிடித்துக்கொள்ளும். சாதாரண டிரில்லில் மாட்டிச் சுற்றலாம். உயரமும் குறையும், பருமனும் குறையும். வோர்டெக்கின் கைடு தடிமனானது என்பதால், இரட்டை ஸ்பிரிங் போட நினைப்பவர்கள் உட்சுருளுக்கு இடம் செய்ய எப்படியும் வெட்டியாக வேண்டும். ஹெட்டை எஞ்சினிலிருந்து கழற்றிய பிறகே வெட்டுங்கள். இரும்புத் தூள் எண்ணெய் வழிகளுக்குள் போனால் பேரிங்குகள் மிஞ்சாது. வெட்டி முடித்ததும் மறுபடி அளக்க வேண்டும், பதினாறு வால்வுகளிலும்.

3. பொருத்தும் உயரம்

ஸ்பிரிங் உட்காரும் தளத்துக்கும் ரீடெய்னரில் அது முட்டும் விளிம்புக்கும் இடையே உள்ள தூரம் இது. இதை அளக்க உயர மைக்ரோமீட்டர் வாங்கிக்கொள்ளுங்கள். காலிப்பரைச் சாய்த்துப் பிடித்து அளப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், அவர்களுக்கு வாழ்த்துகள். வால்வு இருக்கை தேய்த்துச் சரிசெய்த ஹெட்டில் வால்வுக்கு வால்வு உயரம் மாறும். உயரம் அதிகமாக இருக்கும் இடத்தில் ஷிம் (ஸ்பிரிங்கின் அடியில் வைக்கும் வளையத் தகடு) போட்டு எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஷிம்கள் 0.015, 0.030, 0.060 கனத்தில் கிடைக்கும்.

4. கணக்கு

ஒரு மாதிரி ஸ்பிரிங்கை எடுத்துக்கொள்வோம்: 1.700 அங்குல உயரத்தில் 125 பவுண்டு, ஒவ்வோர் அங்குலம் அமுங்குவதற்கும் 350 பவுண்டு கூடும், சுருள்கள் ஒன்றோடொன்று முட்டும் உயரம் 1.120.

1.5 ராக்கரில்: 350 × 0.492 = 172. அதோடு 125 சேர்த்தால் 297 பவுண்டு, நம் வரம்பின் 300ஐ ஒட்டி. திறந்த உயரம் 1.700 − 0.492 = 1.208. சுருள் முட்ட இன்னும் 0.088 இருக்கிறது. குறைந்தது 0.060 வேண்டும் என்பது பொதுவிதி, ஆகவே நல்லது.

அதே ஸ்பிரிங், 1.6 ராக்கர்: விசை 309 ஆகிறது, திறந்த உயரம் 1.175. மிச்சம் 0.055. விதிக்குக் கீழே போய்விட்டது! ராக்கரை மட்டும் மாற்றுகிறேன் என்பவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கவும்.

இன்னொன்று. பொருத்தும் உயரம் 1.700க்குப் பதில் 1.730 என்று வந்தால், மூடிய விசை 125லிருந்து 114 அளவுக்கு இறங்கிவிடும். 0.030 ஷிம் ஒன்று போட்டால் சரியாகிவிடும். கடையில் படித்த விசை வண்டியில் இல்லாமல் போவது பெரும்பாலும் இப்படித்தான்.

5. எந்த வகை?

மேலே குறுகும் தேன்கூட்டு வடிவ ஸ்பிரிங்தான் என் தேர்வு. ரீடெய்னர் சிறியது, எடை குறைவு, உராயும் உட்சுருள் கிடையாது. ஆனால் அது உடைந்தால் வால்வைத் தாங்க இரண்டாவது சுருள் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிஃப்ட் 0.600ஐத் தாண்டுபவர்கள் இரட்டைச் சுருளுக்குப் போகலாம். ரீடெய்னரும் லாக்கும் ஸ்பிரிங்கோடு ஒரே தொகுப்பாக வாங்குங்கள். 7 டிகிரி லாக்கை 10 டிகிரி ரீடெய்னரில் போட்டால் பிடிக்காது.

பொருத்தும்போது ஸ்பிரிங்கின் மேல் ஸ்க்ரூடிரைவர் கீறல் விழக்கூடாது. உடைப்பு அந்தக் கீறலில்தான் தொடங்கும்.

பின்சேர்க்கை

எஞ்சினில் பொருத்திய பிறகு அளந்தால் லிஃப்ட் 0.492 வரவில்லை, குறைவாகவே வருகிறது, கேம் தவறானதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கேமில் குற்றமில்லை. முழு ஸ்பிரிங்கின் அழுத்தத்தில் ஹைட்ராலிக் லிஃப்டரின் பிளஞ்சர் உள்ளே இறங்கிவிடுகிறது. அளப்பதற்கென்று விற்கும் மெல்லிய ஸ்பிரிங்குகளை அந்தச் சிலிண்டரின் இரண்டு வால்வுகளிலும் மாட்டி அளந்தால் சரியான எண் வரும்.

ராக்கர் ஸ்டட்களை (ராக்கரைத் தாங்கும் முளைகள்) பற்றியும் கேள்வி வந்தது. வோர்டெக் ஹெட்டில் அவை அழுத்திச் செருகியவை, திருகு கிடையாது. விசை 300ஐத் தொட்டால் மேலே இழுத்துக்கொண்டு வரும் அபாயம் இருக்கிறது. ஹெட் ஏற்கெனவே மேசைமேல் இருக்கும்போதே திருகு ஸ்டட்களுக்கு மாற்றிவிடுங்கள். அப்போது புஷ்ராடை (லிஃப்டருக்கும் ராக்கருக்கும் இடையே உள்ள கம்பி) நேராக வைக்கும் வழிகாட்டித் தகடு போடுவதானால், தொழிற்சாலையின் தானே நேர்படும் ராக்கர்களை எடுத்துவிட்டுச் சாதாரண ராக்கரும் கடினமாக்கிய புஷ்ராடும் போட வேண்டும். தகடும் தானே நேர்படும் ராக்கரும் சேர்ந்து இருக்கவே கூடாது.