புதுப் பெட்டி, பழைய பழக்கம்: பதிப்பு மாறிய போர்டு கேம்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரில் தமிழ் நண்பர்கள் கூடி விளையாடும் எந்த மேசையை எடுத்துக்கொண்டாலும், விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தவர் பெரும்பாலும் ஒருவர்தான் இருப்பார். மற்றவர்கள் அவர் சொல்லக் கேட்டுக் கற்றவர்கள். ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒருவர், எலக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒருவர், சில்க் போர்டு நெரிசலில் மாட்டிக்கொண்டு தாமதமாக வரும் இன்னொருவர் என்று எல்லோரும் சேர்வதற்குள் ஞாயிற்றுக்கிழமை பாதி போய்விடும். அதற்கு மேல் யார் புத்தகத்தைப் பிரிப்பது? "அண்ணா, நீங்களே சொல்லிடுங்க, ஆரம்பிக்கலாம்" என்றதும் ஆட்டம் தொடங்கிவிடும்.

இதில் தப்பே இல்லை. ஆனால் பெட்டியில் வரும் விளையாட்டுகளுக்கு இப்போது அடிக்கடி புதுப் பதிப்பு வருகிறது. சொல்லிக்கொடுப்பவர் எந்தப் பதிப்பில் கற்றாரோ, அந்தப் பதிப்பில்தான் மேசை முழுக்க ஆடும், நடுவில் இருக்கும் பெட்டி எதுவானாலும் சரி. நான் பார்த்த விதிச் சண்டைகளில் பெரும்பாலானவை இங்கிருந்து கிளம்பியவைதான். பழைய விதியை நன்றாகத் தெரிந்தவர்தான் அதிகம் தடுமாறுவார். புதிதாக வந்தவர் புத்தகத்தில் இருப்பதை அப்படியே படித்துவிடுவார்.

பெயர் அதே, கணக்கு வேறு

புதிதாகச் சேர்ந்த விதியால் பெரிய ஆபத்து இல்லை. அது தெரியாது என்பது நமக்கே தெரியும், தேடிப் படிப்போம். பெயர் மாறாமல் உள்ளே கணக்கு மட்டும் மாறிய விதிதான் சிக்கல்.

கார்கசோனை எடுத்துக்கொள்ளுங்கள். 2000-இல் வந்த விளையாட்டு. அடுத்த ஆண்டே, ஆண்டின் சிறந்த விளையாட்டுக்குத் தரும் ஜெர்மனியின் ஸ்பீல் டெஸ் யாரஸ் விருதை வாங்கியது. டைல் எடுப்பது, பொருத்துவது, மீப்பிள் என்னும் குட்டி ஆள் பொம்மையை வைப்பது எல்லாம் இன்றும் அப்படியே. ஆனால் இரண்டே டைலில் முடிகிற குட்டி நகரத்துக்கு முன்பு 2 புள்ளிதான். இப்போதைய விதியில் அதற்கும் மற்ற நகரங்களைப் போல டைலுக்கு 2 வீதம் 4 புள்ளி. சின்ன வித்தியாசம் மாதிரி தெரியும். ஆனால் முன்பு யாரும் சீண்டாத குட்டி நகரம் இப்போது சட்டென்று கிடைக்கும் நல்ல வருமானம், ஆடும் விதமே மாறிவிடும்.

வயல் கணக்கு அதைவிடப் பெரிய மாற்றம். முதல் பதிப்பில் நகரத்திலிருந்து எண்ணத் தொடங்குவார்கள்: முடிந்த ஒரு நகரத்தைச் சுற்றியுள்ள வயல்களில் யாருக்கு விவசாயிகள் (வயலில் வைத்த மீப்பிள்கள்) அதிகமோ அவருக்கு 4 புள்ளி, அந்த நகரத்தின் கதை அதோடு முடிந்தது. இப்போது வயலிலிருந்து எண்ண வேண்டும்: ஒரு வயலில் யாருக்கு விவசாயிகள் அதிகமோ, அந்த வயலைத் தொடும் முடிந்த நகரம் ஒவ்வொன்றுக்கும் அவருக்கு 3 புள்ளி. ஒரே நகரம் இரண்டு வயல்களைத் தொட்டால் இரண்டு வயல்காரர்களுக்கும் உண்டு. வயலை எண்ணுவது ஆட்டத்தின் கடைசியில் என்பதால், ஒருவர் பழைய கணக்கிலும் இன்னொருவர் புதிய கணக்கிலும் முழு ஆட்டத்தையும் ஆடி முடித்த பிறகுதான் விஷயமே வெளியே வரும். அந்த நேரத்தில் எந்தத் தீர்ப்பு சொன்னாலும் யாராவது ஒருவருக்கு அநியாயமாகத்தான் படும்.

தீவில் ஊர்களும் சாலைகளும் கட்டும் கேட்டானில் மூன்று நான்கு பேர் ஆடும்வரை இந்தத் தொல்லை அதிகம் இல்லை. ஆறு பேர் கூடினால் கவனிக்க வேண்டும். 5–6 பேர் விரிவாக்கத்தில் முன்பு ஒவ்வொருவர் முறைக்கும் இடையே எல்லோரும் கட்டிக்கொள்ள ஒரு வாய்ப்பு இருந்தது. இப்போதைய விதியில் டைஸ் உருட்டியவர் ஆடி முடித்ததும் அவரோடு ஜோடி சேர்ந்த இன்னொருவர் ஆடுவார்; அவர் பண்டம் மாற்றுவதென்றால் வங்கியோடு மட்டும்தான்.

இரண்டு பதிப்பிலும் நல்லதை மட்டும் பொறுக்குவது

ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் ஆடும் டன்ஜன்ஸ் அண்டு டிராகன்ஸ் ஆடுபவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். ஐந்தாம் பதிப்பு 2014-இல் வந்தது. அதையே திருத்தி 2024 செப்டம்பரில் புதிய வீரர் கையேடு வந்தது. ஆறாம் பதிப்பு என்று பெயர் வைக்கவில்லை. பழைய சாகசங்களையும் இதில் ஆடலாம் என்று சொன்னார்கள். அது உண்மைதான். ஆனால் "ஒத்துப்போகும்" என்று கேட்டதும் "எதையும் எதோடும் கலக்கலாம்" என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள்.

அடிக்கடி நடப்பது இது. பழைய விதியில் உங்கள் இனம்தான் வலிமை, சாமர்த்தியம் போன்ற மதிப்புகளைக் கூட்டித் தரும். குள்ளர் என்றால் உடல் உறுதி கூடும். புதிய விதியில் அந்தக் கூட்டல் உங்கள் பின்னணிக்குப் போய்விட்டது: நீங்கள் முன்பு படைவீரரா, துறவியா, வியாபாரியா என்பதைப் பொறுத்தது. பழைய புத்தகத்திலிருந்து ஓர் இனம், புதிய புத்தகத்திலிருந்து ஒரு பின்னணி என்று எடுத்தால் கூட்டல் இரண்டு முறை விழும். புதிய கையேடு இதற்குத் தெளிவாகவே பதில் சொல்கிறது: பழைய இனத்தில் இருக்கும் கூட்டலை விட்டுவிட்டு, பின்னணி தருவதை மட்டும் எடுக்க வேண்டும். பலரும் அந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். முதல் லெவலிலேயே ஒருவருடைய கேரக்டர் ஷீட் மட்டும் வீங்கி நிற்கும், கதையை நடத்தும் டிஎம்முக்குக் காரணமே புரியாது.

போர் நடக்கும்போது தடுக்குபவை வேறு. பதுங்கித் தாக்கினால் முன்பு எதிரி முதல் சுற்றில் நகரவோ செயல்படவோ முடியாது. இப்போது யார் முதலில் ஆடுவது என்று தீர்மானிக்கும் இனிஷியேட்டிவை அவர் பாதகத்தோடு (இரண்டு முறை உருட்டிக் குறைந்ததை எடுத்து) உருட்ட வேண்டும், அவ்வளவுதான். குணமாக்கும் போஷன் குடிக்க முன்பு அந்த முறையின் முக்கியச் செயலான முழு ஆக்‌ஷன் போகும். இப்போது கூடவே கிடைக்கும் சின்னச் செயலான போனஸ் ஆக்‌ஷன் போதும். ஒருவரைப் பிடித்து மடக்குவது முன்பு இரண்டு பேரும் உருட்டும் போட்டி. இப்போது எதிரி மட்டும் தப்பிக்க டைஸ் உருட்டுவார் (சேவிங் த்ரோ). களைப்புக்கு முன்பு படிக்குப் படி வேறு வேறு தண்டனைகள் கொண்ட பட்டியல் இருந்தது. இப்போது ஒவ்வொரு படிக்கும் இருபது முக டைஸ் சோதனைகளில் 2 குறையும், வேகத்தில் 5 அடி குறையும். ஆறாவது படியில் சாவு என்பது மட்டும் மாறவில்லை.

பாலடின் என்னும் புனித வீரராக ஆடுபவருக்குத்தான் அடி பலமாக விழும். முன்பு வெட்டு பட்ட ஒவ்வொரு முறையும் ஸ்மைட் என்னும் கூடுதல் அடியைப் போட்டு, ஒரே முறையில் எதிரியை நொறுக்கலாம். இப்போது டிவைன் ஸ்மைட் ஒரு மந்திரம், அதற்குப் போனஸ் ஆக்‌ஷன் வேண்டும், ஆகவே ஒரு முறையில் ஒன்றுதான். பாலடினை ஆசை ஆசையாக வளர்த்த ஒருவரிடம் "அடுத்த வாரத்திலிருந்து புது ரூல்" என்று குரூப்பில் ஒரு மெசேஜ் தட்டிவிடுவது நியாயமில்லை. பாதிக் கதையில் பதிப்பை மாற்றுவதே பெரிய தவறு என்பது என் கருத்து. ஓடிக்கொண்டிருக்கும் கேம்பெயினைத் தொடங்கிய விதியிலேயே முடித்துவிட்டு, அடுத்ததைப் புதிய விதியில் தொடங்குங்கள். மாற்றியே ஆக வேண்டுமென்றால், கதையில் ஒரு பெரிய கட்டம் முடிந்த இடத்தில் நிறுத்தி, எல்லோரும் கேரக்டர் ஷீட்டை ஒன்றாக உட்கார்ந்து புதிதாக எழுதுங்கள். ஒருவர் 2014 பாலடின், இன்னொருவர் 2024 ஃபைட்டர் என்று ஒரே மேசையில் ஓடினால் புதிய ஆயுதத் திறமைகள் ஒருவருக்கு மட்டும் கிடைக்கும், பழைய ஸ்மைட் இன்னொருவருக்கு மட்டும் கிடைக்கும். இரண்டு பேருக்குமே மனக்குறை வரும்.

புத்தகம் வாங்க முடியவில்லை என்பதும் இங்கே காரணமாக இருக்க வேண்டியதில்லை. அடிப்படை விதிகளின் தொகுப்பான எஸ்ஆர்டி இலவசமாகக் கிடைக்கிறது; 5.1 என்பது பழைய விதி, 2025-இல் வந்த 5.2 என்பது புதிய விதி. எதை இறக்கியிருக்கிறோம் என்று எண்ணைப் பார்த்துக்கொண்டால் போதும்.

கார்டில் அச்சிட்டிருப்பதே சட்டம் என்று நினைப்பது

கல்லூரியில் மேஜிக் தி கேதரிங் என்னும் கார்டு விளையாட்டை ஆடிவிட்டு, வேலைக்காகப் பெங்களூர் வந்த பிறகு பழைய டெக்கைத் தூசி தட்டி எடுப்பவர்கள் நிறைய பேர். கார்டு கையில் இருக்கிறது, அதில் எழுதியும் இருக்கிறது, அப்புறம் என்ன வாதம் என்று கேட்பார்கள். மேஜிக்கில் அச்சான வாசகம் கடைசி வார்த்தை இல்லை. ஒவ்வொரு கார்டுக்கும் ஆரக்கிள் என்னும் திருத்திய வாசகம் நிறுவனத்தின் இணையத் தொகுப்பில் உண்டு, அதுதான் செல்லும். அடிப்படை விதிகளும் மாறியிருக்கின்றன. 2009-இல் போர்ச் சேதம் ஸ்டாக் எனப்படும் காத்திருப்பு வரிசையில் ஏறுவது நின்றது. செலவழிக்காத மானா (மந்திர ஆற்றல்) உங்களையே சுடும் விதியும் அப்போதே போனது. 2024 நவம்பரில், பல எதிரிகள் தடுக்கும்போது சேதத்துக்கு முன்கூட்டியே வரிசை போடும் விதியையும் எடுத்துவிட்டார்கள். எந்த ஆண்டில் நிறுத்தினோம் என்பது தெரிந்தால் எதையெல்லாம் மறுபடி படிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும்.

பொம்மைப் படைகளை மோதவிடும் வார்ஹாமர் 40,000 ஆடுபவர்கள் இதில் கறாராகவே இருக்க வேண்டும். 2023-இல் பத்தாம் பதிப்பு வந்தபோது ஒன்பதாம் பதிப்பின் கோடெக்ஸ் (ஒவ்வொரு படைக்குமான விதி) புத்தகங்கள் மொத்தமாகக் காலாவதி ஆயின. மனோசக்திக்கென்று இருந்த தனிக் கட்டமே போய்விட்டது. அங்கே பாதிப் பழசு பாதிப் புதுசு என்பது நடக்காது.

பழையது எல்லாம் வீண் என்று தூக்கிப்போடுவது

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு. புதுப் பதிப்பு வந்ததும் பழையது தப்பு என்று ஆகிவிடாது. திகில் கதை விளையாட்டான கால் ஆஃப் கதுலுவின் ஏழாம் பதிப்பில் 3 முதல் 18 வரை இருந்த குணமதிப்புகள் நூறு அளவுக்கு மாறின. பழைய கதைகளை வைத்திருந்தவர்கள் பதறத் தேவையில்லை. பெரும்பாலான எண்களை ஐந்தால் பெருக்கினால் பழைய கதை புதிய விதியில் ஓடும்.

உங்கள் குழுவுக்குப் பழைய விதி பிடித்திருந்தால் அதிலேயே ஆடுங்கள், அதற்கு யாரும் அனுமதி தர வேண்டியதில்லை. எல்லோருக்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்பது மட்டும்தான் நிபந்தனை. தாயம் ஆடுபவர்களிடம் இந்தப் பழக்கம் இயல்பாகவே இருக்கிறது. வேலூர்க்காரரும் திருநெல்வேலிக்காரரும் அல்சூரில் ஒரு வீட்டில் உட்கார்ந்தால், கட்டையை உருட்டும் முன்பே "உங்க ஊர்ல வெட்டு எடுத்தாதான் பழமா?" என்று கேட்டுவிடுவார்கள். ஊருக்கு ஊர் விதி மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெட்டி விளையாட்டில் மட்டும் விதி ஒன்றே ஒன்றுதான் என்று நம்பி, கேட்காமல் விட்டுவிடுகிறோம்.

வாங்கும்போது

நம் ஊரில் பெட்டிகள் வந்து சேரும் வழியே பதிப்புகளைக் கலந்துவிடும். அடிப்படைப் பெட்டியை அமெரிக்காவிலிருந்து வந்த அத்தை மகன் கொண்டுவந்திருப்பார், விரிவாக்கத்தை இங்கே கடையில் வாங்கியிருப்போம், மூன்றாவதைக் காலி செய்துகொண்டு போகும் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக எடுத்திருப்போம். பணம் கொடுக்கும் முன் பெட்டியின் அடியிலும் விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அச்சான ஆண்டைப் பாருங்கள். விற்பவரிடம் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லலாம்.

புதுப் பெட்டியே வாங்க வேண்டுமா என்பதையும் யோசியுங்கள். 2008-இல் வந்த கார்டு விளையாட்டான டொமினியன், 2016-இல் இரண்டாம் பதிப்பு கண்டபோது அட்வெஞ்சரர், ஸ்பை, தீஃப் உட்பட ஆறு வகைக் கார்டுகள் போய், ஏழு புதியவை வந்தன. பழைய பெட்டி வைத்திருப்பவர்களுக்காகப் புதிய கார்டுகளை மட்டும் தனிக் கட்டாகவும் விற்றார்கள். அது கிடைத்தால் கையிலிருக்கும் பெட்டியோடு சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் த்ரோன் ரூம் போலப் பெயர் மாறாமல் வாசகம் மட்டும் மாறிய கார்டுகளும் உண்டு: முன்பு கட்டாயமாக இருந்தது இப்போது விரும்பினால் செய்யலாம் என்று ஆகியிருக்கிறது. அந்தக் கார்டுகளின் பெயர்களை ஒரு தாளில் எழுதிப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அடுத்த முறை வேறு யார் எடுத்துச் சொல்லிக்கொடுத்தாலும் அது அவர் கண்ணில் படும்.