நாளம் என்றால் கெட்ட இரத்தமா? உடலியல் படிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்தில் உயர்தர உயிரியல் படிக்கும் பிள்ளைகளுக்கும், தாதியர் பயிற்சிக்குப் போகக் காத்திருப்பவர்களுக்கும் மனித உடல் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன். நாங்கள் படித்த காலத்தில் விட்ட அதே பிழைகளைப் புதுப் பிள்ளைகளும் விடுகிறார்கள். என்புகளின் எண்ணிக்கையை மாற்றி எழுதுவது, சிறுகுடலின் பகுதிகளை வரிசை தப்பிச் சொல்வது எல்லாம் படிக்கப் படிக்கத் தானாகத் திருந்திவிடும். அவற்றை விடுகிறேன்.

நாடியில் நல்ல இரத்தம், நாளத்தில் கெட்ட இரத்தம்

இதைக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். சின்ன வகுப்புக் கொப்பியில் ஒருதரம் எழுதிவிட்டால் போதும், உயர்தரம் வரைக்கும் அழியாது. இதயத்திலிருந்து குருதியை வெளியே கொண்டுபோவது நாடி. இதயத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது நாளம். வரைவிலக்கணம் அவ்வளவுதான், ஒட்சிசனைப் பற்றி அதில் பேச்சே இல்லை. நுரையீரல் நாடியில் ஒட்சிசன் குறைந்த குருதி ஓடுகிறது. நுரையீரல் நாளங்கள் நான்கிலும் ஒட்சிசன் நிறைந்த குருதி வருகிறது. வயிற்றிலிருக்கும் குழந்தைக்கும் தொப்புள்கொடியின் நாளம்தான் ஒட்சிசனைக் கொண்டுபோய்ச் சேர்க்கிறது.

‘கெட்ட’ என்பதும் பிழை. நாம் சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடலைச் சுற்றி இதயத்துக்குத் திரும்பும் குருதியில் ஏறக்குறைய முக்கால்வாசி ஒட்சிசன் அப்படியே இருக்கும். அதன் நிறமும் நீலமல்ல, கருஞ்சிவப்பு.

தாதியர் பயிற்சிக்குப் போன மாணவி ஒருத்தி விடுமுறையில் வந்து கேட்டாள்: “சேர், கால் நாளத்துல உறைஞ்ச இரத்தக்கட்டி ஏன் நுரையீரல்ல போய் அடைக்குது? மூளைக்குத்தானே போகணும்?” கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் நுரையீரல் நாடியை ஒரு விதிவிலக்காக மட்டுமே மனனம் செய்திருந்தாள். படத்தை விரித்து, விரலை வைத்து வழியைத் தேடச் சொன்னேன். தொடை நாளம், கீழ்ப்பெருநாளம், வலது சோணையறை (இதயத்தின் மேலறை), வலது இதயவறை (கீழறை). அதுவரை வழி அகலமாகவே இருக்கிறது. அப்புறம் நுரையீரல் நாடி. அது கிளை கிளையாகப் பிரிந்து ஒடுங்குகிறது. கட்டி சிக்குவது அங்கேதான். விரல் அந்த இடத்துக்கு வந்ததும் அவளே, “ஐயோ, வேற எங்க சேர் போகும்!” என்றாள். சத்திரசிகிச்சை முடிந்து படுக்கையில் கிடக்கும் ஒருவருக்குத் திடீரென்று மூச்சு வாங்கினால், தாதிக்கு அவருடைய காலும் ஞாபகத்துக்கு வர வேண்டும். நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்று படித்தவளுக்கு அந்த வழி தெரியாது.

நம் வீடுகளிலேயே பாருங்கள். சரிவில் நாள் முழுக்க நின்று கொழுந்து எடுக்கும் அம்மாமாரின் கெண்டைக்காலில் நீலமாகச் சுருண்டு புடைத்திருப்பதை ‘நரம்பு சுருண்டுபோச்சு’ என்பார்கள். அது நரம்பல்ல, நாளம். காலிலிருந்து குருதி மேலே ஏற வேண்டும். கெண்டைக்கால் தசை சுருங்கி அதைத் தள்ளுகிறது, கீழே விழாமல் வால்வுகள் பிடித்துக்கொள்கின்றன. வால்வு பழுதானால் குருதி தேங்கி நாளம் புடைக்கிறது. திசையை வைத்து நாளத்தைப் படித்தவருக்குத்தான் அந்த வால்வு எதற்கென்று புரியும்.

இறைச்சிக் கடையில் ஆட்டு இதயம் வாங்குங்கள். குழாய்களை ஒட்ட வெட்டாமல் கொஞ்சம் நீளமாக விட்டுத் தரச் சொல்லுங்கள். பெருநாடியின் வெட்டுவாய் வட்டமாகத் திறந்தே நிற்கும். பெருநாளம் தொய்ந்து மூடிக்கொள்ளும். இரண்டு இதயவறைகளையும் நறுக்கிச் சுவரை விரலால் பிடித்துப் பார்த்தால் இடது பக்கம் நன்றாகத் தடித்திருக்கும். பெருநாடியில் அமுக்கம் 120/80 அளவில் இருக்க, நுரையீரல் நாடியில் ஏறக்குறைய 25/10தான். ஆளுக்கேற்ற வேலை, வேலைக்கேற்ற சுவர்.

கொப்பியில் வரையும்போது முதலில் பென்சிலால் அம்புக்குறி போடுங்கள். எது நாடி, எது நாளம் என்று பெயரிடுங்கள். சிவப்பும் நீலமும் கடைசியில்.

படத்தின் இடதும் உடலின் இடதும்

படத்தில் இருப்பவர் உங்களைப் பார்த்து நிற்கிறார். உங்கள் இடக்கைப் பக்கம் தெரியும் ஈரல் அவருடைய வலது பக்கத்தில்தான் இருக்கிறது. இடம், வலம் எப்போதும் நோயாளியுடையது.

‘மலையில் ஒட்சிசன் வீதம் குறைவு’

நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கேயும் வளியில் ஒட்சிசன் 21 வீதம்தான், கொழும்பிலும் 21 வீதம்தான். குறைவது வளியமுக்கம், நுவரெலியாவில் அது கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறக்குறைய 80 வீதம். அதனால் ஒட்சிசனின் பகுதியமுக்கமும் (மொத்த வளியமுக்கத்தில் ஒட்சிசனின் பங்கு) குறைகிறது, நுரையீரலின் சிற்றறையிலிருந்து குருதிக்குள் அதைத் தள்ளும் விசையும் குறைகிறது. இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இதைப் பிழையாக எழுதும்போது எனக்கு மனம் கேட்பதில்லை.

மூச்சுவிடுதலும் கலச்சுவாசமும்

மூச்சுவிடுதல் காற்றை உள்ளே எடுத்து வெளியே விடுவது; கலச்சுவாசம் கலத்துக்குள் உணவிலிருந்து சக்தி எடுப்பது. கலச்சுவாசம் பற்றிக் கேட்டால் கலத்துக்குள் இருக்கும் இழைமணியை (mitochondria) எழுதுங்கள், நுரையீரலை அல்ல.