20 சென்ட் செம்மண்ணில் ஜாவா மலைக்கிராமத் தோட்டம் போடுவது எப்படி

கடலூர் மாவட்டத்தில் கேப்பர் மலைச் சரிவிலோ பண்ருட்டி, காடாம்புலியூர் பக்கமோ 20 சென்ட் இடம் இருந்து, வீடு போக மிச்சத்தை என்ன செய்யலாம் என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நம் ஆட்கள் பெரும்பாலும் நாலு தென்னை, ஒரு மா வைத்துவிட்டு மீதியைச் சிமெண்ட் போட்டு மூடிவிடுகிறார்கள். பார்க்கவே வயிறு எரிகிறது. இதைவிடக் குறைந்த இடத்தில் இந்தோனேசியாவின் ஜாவா மலைக்கிராமங்களில் ஒரு குடும்பம் பழம், கிழங்கு, கீரை, விறகு, ஆட்டுத்தழை எல்லாம் எடுக்கிறது. அந்த வீட்டுத்தோட்டத்துக்கு அங்கே பெகாரங்கான் என்று பெயர்.

அவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொண்டால்தான் நாம் எதை எடுத்துக்கொள்ளலாம் என்பது புரியும். 1830-லிருந்து டச்சு அரசு, ஊர் நிலத்தில் ஒரு பங்கையும் ஊர்க்காரர்களின் உழைப்பையும் காப்பி, கரும்பு, அவுரிக்கு ஒதுக்க வைத்தது; 1870 சட்டத்துக்குப் பிறகு மலைச்சரிவுகள் 75 வருஷக் குத்தகையில் தனியார் கம்பெனிகளுக்குப் போயின; 1950-களின் கடைசியில் டச்சுத் தோட்டங்கள் அரசுடைமை ஆன பிறகும் தேயிலைக்காடு பல இடங்களில் அரசு கம்பெனியிடமே இருக்கிறது, ஊர்க்காரர்கள் அதில் கூலிக்குக் கொழுந்து பறிக்கிறார்கள். மேலே போனால் அரசுக் காடு. நடுவில் குடும்பத்துக்கு என்று இருப்பது வீட்டைச் சுற்றிய துண்டு நிலம் மட்டும்தான். பக்கவாட்டில் விரிய வழி இல்லாததால் அதையே அடுக்கடுக்காக மேல்நோக்கி வளர்க்கிறார்கள்: உச்சியில் தென்னை, அதன் கீழே பலா, அதன் கீழே வாழையும் காப்பியும், தரையில் சேம்பு, மஞ்சள், இஞ்சி.

ஆனால் அப்படியே காப்பியடிக்க முடியாது. அங்கே எரிமலைச் சாம்பல் மண், பல சரிவுகளில் வருஷத்துக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. நமக்குச் சுமார் 1,200, அதிலும் பாதிக்கு மேல் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும், அப்புறம் தை பிறந்தால் ஆடி வரை வானத்தைப் பார்க்க வேண்டியதுதான். கூடவே புயல். 2011 டிசம்பர் 30-ல் ‘தானே’ புயல் அடித்தபோது பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. ஆகவே தண்ணீர், காற்று இந்த இரண்டையும் முடித்துவிட்டுத்தான் மரத்துக்குப் போக வேண்டும்.

மண்வெட்டியைத் தொடும் முன் பட்டாவையும் புல வரைபடத்தையும் எடுத்து எல்லையைச் சரிபாருங்கள், ஏனென்றால் உயிர்வேலி ஒருமுறை வேர்விட்டால் பிறகு தள்ளி வைக்க முடியாது.

அடுத்து சரிவுக்குக் குறுக்கே வரப்புக்குழி. ஒன்றரை அடி ஆழம், இரண்டடி அகலம் போதும், எடுத்த மண்ணைக் குழிக்குக் கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுங்கள். நம் செம்மண் மேட்டில் பெரிய மழை பெய்தால் தண்ணீர் மேல்மண்ணை அரித்துக்கொண்டு ஓடையாகக் கிளம்பிவிடும், இந்தக் குழி அதைப் பிடித்து நிறுத்தும். வரப்பின் மேல் வெட்டிவேர் நாற்று வையுங்கள். கடலூரில் நொச்சிக்காடு, தியாகவல்லி பக்கம் விளைகிற அதே வெட்டிவேர்தான். வரப்பில் வைத்ததை மட்டும் வேருக்காகத் தோண்டிவிடாதீர்கள். மேற்கு ஜாவாவில் காருட் மலைகளில் எண்ணெய்க்காக வெட்டிவேர் பயிரிட்டு, சரிவிலேயே தோண்டி எடுத்துத்தான் மண் சரிந்து போகிறது. மண்ணைப் பிடிக்கும் செடியே மண்ணை இழக்க வைத்த கதை அது. தியெங் பீடபூமியிலும் மரங்களை எடுத்துவிட்டுச் சரிவு முழுக்க உருளைக்கிழங்கு போட்டு மேல்மண்ணை இழந்தார்கள். ஜாவாக்காரன் செய்வதெல்லாம் சரி என்று நான் சொல்லவில்லை, வீட்டைச் சுற்றிச் செய்வதைத்தான் சொல்கிறேன்.

வேலிக்குக் கிளுவையும் கிளைரிசிடியாவும் கலந்து போடுங்கள், மூன்று நான்கடிப் போத்தை வெட்டி ஊன்றினாலே துளிர்க்கும். வடக்கிலும் கிழக்கிலும் பனங்கொட்டை புதையுங்கள். பலன் உங்கள் பிள்ளைகளுக்குத்தான் வரும், இருந்தாலும் புயல் காற்றில் நிற்கிற மரம் அது.

இப்போது ஆடு. மரத்துக்கு முன்பே ஆடா என்று கேட்கலாம். ஆமாம், ஏனென்றால் செம்மண்ணில் சத்து குறைவு, அந்தக் குறையை எரு போட்டுத்தான் சரிக்கட்ட முடியும். ஜாவா மலையூர்களில் ஆட்டை அவிழ்த்துவிட்டு மேய்ப்பது குறைவு. நம் ஊரில் பரண் மேல் ஆடு என்கிறோமே, அதே மாதிரி உயர்த்திய மரச்சட்டத் தளத்தில் அடைத்து வைத்துத் தழையை அறுத்துக்கொண்டு வந்து போடுவார்கள். மத்திய ஜாவாவில் காலிகெசிங் மலைப்பகுதி இதற்குப் பேர்போனது, அங்கே வளர்க்கும் எட்டாவா கலப்பு ஆட்டின் மூல இனம் நம் உத்தரப் பிரதேசத்து ஜமுனாபாரி! இரண்டு மூன்று நாட்டு ஆடு உங்களுக்குப் போதும். தரையிலிருந்து நாலடி உயரத்தில் பரண், சட்டங்களுக்கு நடுவே புழுக்கை விழ வேண்டும், குளம்பு மாட்டக்கூடாது. வேலியில் வெட்டும் கிளைரிசிடியாவைப் பச்சையாகப் போட்டால் ஆடு முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஒரு நாள் வாடவிட்டுப் போடுங்கள். பலா இலையும் அகத்தியும் என்றால் சண்டை போட்டுத் தின்னும். ஒரே தழையாகப் போடாமல் கலந்து கொடுங்கள். கீழே விழும் புழுக்கையைச் சருகோடு குழியில் சேர்த்து மூன்று மாதம் மக்கவிட்டால் தோட்டத்துக்கு வேறு உரம் தேடிப் போக வேண்டியதில்லை.

சரி, மரம். 20 சென்டில் பலா இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒட்டுக்கன்றாக வாங்குங்கள், பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்து ரகம் கிடைத்தால் நல்லது. மரத்துக்கு மரம் 25 அடியாவது இடைவெளி, விழுந்தாலும் கூரையில் விழாத தூரம். தென்னை நாலு. முந்திரி இந்த அடுக்குக்கு ஒத்துவராது, தாழப் படர்ந்து கீழே ஒன்றையும் வளரவிடாது, அதற்குத் தனிக்கொல்லை வேண்டும். நடு அடுக்கில் காப்பிக்குப் பதில் முருங்கை, எலுமிச்சை, பப்பாளி, கறிவேப்பிலை. குளியலறைத் தண்ணீர் போகும் இடத்தில் வாழை. பலா பருத்த பிறகு மிளகுக்கொடி ஏற்றலாம், பண்ருட்டிப் பக்கமே ஏற்றிக் காய்க்க வைத்தவர்கள் இருக்கிறார்கள். தரையில் நிழல் விழும் இடத்தில் சேனை, கருணை, சேம்பு, மஞ்சள். மல்லாட்டைக்கும் (நிலக்கடலை) மிளகாய்க்கும் வெயில் வேண்டும், தெற்குப் பக்கம் ஒரு துண்டைத் திறந்தே விடுங்கள்.

பலா காய்க்க ஆரம்பித்ததும் கொத்துக்கு ஒன்றிரண்டை விட்டுவிட்டு மற்றதைப் பிஞ்சிலேயே பறித்துவிடுங்கள். ஜாவாவின் யோக்யகர்த்தாவில் அந்தப் பிஞ்சைத் தேங்காய்ப்பாலும் பனைவெல்லமும் சேர்த்து மணிக்கணக்கில் வேகவைத்து குடெக் என்று தினசரிச் சாப்பாடாகவே ஆக்கியிருக்கிறார்கள். பழத்துக்கு விலை விழுகிற ஆனி, ஆடியை நம்பி இருப்பதைவிட இது மேல்.

காலம் முக்கியம். ஆடியில் குழியெடுத்து எருவும் மேல்மண்ணும் நிரப்பி ஆறப்போடுங்கள். புரட்டாசியில் கன்று நடுங்கள், ஐப்பசி மழை வேரைப் பிடிக்க வைக்கும். அதே புரட்டாசியில் வளர்ந்த மரங்களின் உள்கிளைகளைக் கழித்துக் காற்றுப் போக வழி செய்யுங்கள், வெட்டிய தழை ஆட்டுக்கு, கட்டை அடுப்புக்கு. மார்கழி முடிந்ததும் ஒவ்வொரு தூரைச் சுற்றியும் தென்னை மட்டை, சருகு, வாழைச் சருகு எதுவானாலும் அரையடி கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள், தண்டை மட்டும் தொடாமல். சித்திரை வெயிலில் முதல் இரண்டு வருஷம் கன்றுகளுக்கு வாரம் இரண்டு தண்ணீர் விட்டாக வேண்டும். மண் பரிசோதனைக்கு விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்துக்குப் போகலாம், புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பட்டு நிலையம் பக்கம்.